பேரும் நிரையும்: மலையக நாட்டார் பாடல்களில் நாளாந்த உழைப்பு

1

மலையகத் தமிழரின் வாய்மொழிப் பாடல்கள் பற்றி எழுதப்படும் கட்டுரைகளில் இரண்டு வாய்பாடுகள் திரும்பத் திரும்ப இடம்பெறுவதைக் காண்கிறோம். அப்பாடல்கள் ‘கண்ணீரின் வெளிப்பாடு’ என்பது ஒன்று. ‘வரலாற்று ஆவணம்’ என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மையுண்டு. ஆயின் முதலாவது வாய்பாடு, பாடியோரை நமது இரக்கத்துக்குரியோராக மாத்திரம் நிறுத்திவிடுகிறது. இரண்டாவது, பாடலிலிருந்து தகவலை உறிஞ்சிக்கொண்டு பாடலைச் சக்கையாக விட்டுவிடுகிறது. பாடியவர்கள் தமது நாளாந்த உழைப்பை எவ்வாறு எண்ணினர், எவ்வாறு அளந்தனர், எச்சொற்களால் அதனைப் பிடித்து வைத்தனர் என்ற வினா இரண்டிலும் எழுவதில்லை.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதித் தோட்ட வாழ்க்கையைப் பொருளாகக் கொண்ட பாடல்களையும், அவற்றின் பின்வந்த புனைகதைகளையும் அவ்வினாவின் துணைகொண்டு நோக்குவதே எமது முயற்சியாகும். இதற்குக் கிடைக்கும் முதன்மையான தொகுப்பு, சி. வி. வேலுப்பிள்ளை சேகரித்து 1983இல் வெளியான ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ ஆகும். வட்டகொடைக்கு அண்மித்த மடக்கும்புரத் தோட்டத்தில் 1914இல் பிறந்து, தொழிற்சங்கத்திலும் முதலாவது பாராளுமன்றத்திலும் பணியாற்றி, தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, 1984இல் மறைந்த சி. வி., தாம் கேட்டு வளர்ந்த பாடல்களையே தொகுத்தளித்தார். மலையக இலக்கிய ஆய்வு அவருக்குப் பட்டுள்ள கடன் பெரிது. அத்தொகுப்பை வாசிக்கும் முறை பற்றியதே எமது விவாதம்.

2

பாடல்களின் பொருளியல் அடிப்படையைச் சுருக்கமாக நினைவுகூர்தல் அவசியம். கோப்பிக் காலத்தில் தொழிலாளர் வரவு பெரும்பாலும் பருவகாலத்துக்குரியது. வந்தோரில் ஆண்களே மிகுதி. அறுவடை முடிந்ததும் பலர் தமிழகக் கிராமங்களுக்கு மீண்டனர். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியைப் படிப்படியாக அழித்தது. 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் வணிக நோக்கில் தொடங்கிய தேயிலைச் செய்கை அதன் இடத்தைக் கைப்பற்றியது. தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து விடும் பயிர். ஆகவே நிரந்தரமாகத் தங்கும் குடும்பம் தேவையாயிற்று. கொழுந்து பறிக்கப் பெண்களும் சிறுவரும் தேவையாயினர். பத்துக்குப் பன்னிரண்டு அடி அளவிலான காம்பராக்கள் வரிசையாக அமைந்த லயம், இப்பயிர் மாற்றத்தின் குடியிருப்பு வடிவமாகும். 1931ஆம் ஆண்டளவில் தோட்டங்களில் வாழ்ந்தோர் ஏழு இலட்சத்துக்கு மேற்பட்டனர்.

இம்மக்களைத் தோட்டத்துடன் பிணைத்தவை கடனும் கங்காணியுமாகும். பயணச் செலவும் முற்பணமும் கடனாக எழுதப்பட்டன. கடனைத் தீர்த்தால் இன்ன தொழிலாளரை விடுவிக்கலாம் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் ‘துண்டு’ இருந்தாலன்றி வேறொரு தோட்டத்துக்குப் போதல் இயலாது. தம் ஆட்களுள் வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. அரிசி தோட்டத்திலேயே வழங்கப்பட்டு அதன் விலை கூலியிற் கழிக்கப்பட்டது. துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்படி 1929இல் நடைமுறைக்கு வந்த நாட்கூலி, உயர்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம் என அமைந்தது. உலகப் பொருளாதார மந்தம் வந்ததும் அதுவும் குறைக்கப்பட்டது. நாம் இங்கு பேசும் பாடல்களிற் பெரும்பாலானவற்றின் உலகம், துண்டுக்கும் இக்கூலிக் குறைப்புக்கும் இடைப்பட்ட உலகமாகும்.

3

அவ்வுலகின் மிக முக்கியமான சொல் ‘பேர்’ என்பதாகும். விடியுமுன் தப்பு முழங்கும். பெரட்டுக் களத்தில் ஆட்கள் கூடுவர். கணக்கப்பிள்ளை செக்றோலில் ஒவ்வொருவர் பெயருக்கு எதிரிலும் அடையாளமிடுவார். அவ்வடையாளமே அன்றைய கூலி. காலப்போக்கில் ஒரு நாட்கூலிக்கே ‘பேர்’ என்ற பெயர் ஏற்பட்டது. குறித்த வேலை முடியாவிடில், அல்லது முடியவில்லை என்று மேற்பார்ப்போர் கருதினால், கிடைப்பது ‘அரைப்பேர்’. மனிதனுடைய பெயரும் அவனுடைய நாட்கூலியும் ஒரே சொல்லாகிவிட்ட இந்நிலையை எந்தப் பொருளியல் நூலும் இதனிலும் கூர்மையாகச் சொல்லிவிட முடியாது. அரைப்பேர் விழுந்ததைச் சொல்லும் பாடல்களில் கூலி பாதியாகியது என்ற முறைப்பாடு மட்டும் ஒலிக்கவில்லை. தான் பாதியாக்கப்பட்டேன் என்ற மானவுணர்வும் ஒலிக்கிறது. இரண்டையும் பிரித்து வாசிக்க இச்சொல் இடந்தருவதில்லை.

அடுத்த சொல் ‘நிரை’. தேயிலை மலையில் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு நிரை ஒதுக்கப்படும். செழித்த நிரை கிடைத்தால் கூடை நிறையும். கல்லும் சரிவும் மிகுந்த நிரை கிடைத்தால் எத்துணை விரைந்து பறித்தும் நிறை காணாது. நிரையைக் கொடுப்பவன் கங்காணி. ஆகவே நிரை என்பது தாவர வரிசையாக இருப்பதோடு அதிகாரம் பங்கிடப்படும் முறையாகவும் இருக்கிறது. நிரை பிடிக்க ஓடுதல், நிரை தவறவிடுதல், வேண்டியவளுக்கு நல்ல நிரை கொடுத்தல் ஆகியன பாடற் பொருள்களாக அமைவதன் காரணம் இதுவே. கொழுந்து நிறுக்கும்போது கூடைக்காகவும் ஈரத்துக்காகவும் கழிக்கப்படும் றாத்தல்களும் இவ்வாறே பாடலுக்குள் வந்து சேர்கின்றன.

இவ்விடத்தில் நமது திறனாய்வு மரபின் ஒரு கருதுகோளை மீள்பரிசீலனை செய்யவேண்டியுள்ளது. உழைப்பின் உடலசைவும் கூட்டு ஓசையும் பாடலின் தோற்றுவாய் என்பதை, கார்ல் பூச்சர் 1896இல் முன்வைத்த ஆய்வின் வழியிற் சென்று, ஜோர்ஜ் தொம்சன் ‘மார்க்சியமும் கவிதையும்’ என்ற சிறு நூலில் விளக்கினார். தொம்சனிடம் ஆய்வு செய்த பேராசிரியர் க. கைலாசபதி வாயிலாகவும் பிறர் வாயிலாகவும் இக்கருத்து ஈழத்தில் வேரூன்றியது. ஏற்றப்பாட்டுக்கும் படகுப்பாட்டுக்கும் இது நன்கு பொருந்தும். பலர் ஒரே வேளையில் ஒரே அசைவைச் செய்யும் தொழிலில், பாடல் தானே ஒரு கருவியாக நின்று உழைப்பை ஒழுங்குபடுத்துகிறது.

கொழுந்து பறித்தலின் இயல்பு வேறு. பெண்கள் அருகருகே நின்றாலும் ஒவ்வொருத்தியின் விரலும் தனித்தனியே இயங்குகிறது. ஒவ்வொருத்தியின் கூடையும் தனித்தனியே நிறுக்கப்படுகிறது. கூட்டசைவு இங்கு இல்லை. ஒருவருக்கொருவர் போட்டியாக நிறுத்தப்பட்டுள்ளனர். இத்தொழிலின் தாளத்தை நிர்ணயிப்பவை தராசும் பதிவேடும் மேற்பார்வையாளன் குரலுமாகும். எனவே இங்கு பாடல் உழைப்பை இயக்கும் வேலையைச் செய்வதில்லை. உழைப்பைத் திருப்பிக் கணக்கிடும் வேலையைச் செய்கிறது. கணக்கப்பிள்ளையின் ஏட்டுக்கு எதிராகத் தொழிலாளி மனத்தில் வைத்திருக்கும் மறு ஏடு என்று இப்பாடல்களைக் கூறலாம். உழவர் வாழ்வை அடிப்படையாகக் கொண்டு மட்டக்களப்பிலும் வன்னியிலும் சேகரிக்கப்பட்ட பாடல்களுடன் இவற்றை ஒரே தட்டில் வைத்து ‘கிராமியப் பாடல்கள்’ என்று அழைப்பது, இவ்வேறுபாட்டை மறைத்துவிடும். தோட்டம் மலைமேல் இருந்தமையால் அது கிராமமாகிவிடாது. சங்கொலிக்கு இயங்கிய வெள்ளவத்தை நெசவாலையும், கொட்டாஞ்சேனையை அடுத்த துறைமுகத்தில் தேயிலைப் பெட்டி சுமந்த தொழிலாளரும் எந்த உற்பத்தி முறையைச் சேர்ந்தனவோ, அதே முறையின் மலைப்புற முனையே தோட்டமாகும். 1933இல் வேலைநிறுத்தம் செய்த நெசவாலைத் தொழிலாளியும் அரைப்பேருக்கு எதிராகப் பாடிய கொழுந்துக்காரியும் ஒருவரையொருவர் அறிந்திலர். எனினும் அவர்களுடைய நாள் ஒரே கடிகாரத்தால் அறுக்கப்பட்டது.

4

இப்பாடல்கள் மீது முற்போக்குத் திறனாய்வாளர் சிலர் ஒரு குறை காண்பதுண்டு. பாடல்களின் சினம் கங்காணி மீதும் கணக்கப்பிள்ளை மீதும் பாய்கிறதேயன்றி, துரையையும் கம்பனியையும் ஏகாதிபத்தியத்தையும் எட்டவில்லை. ஆகவே அவை முதிராத வர்க்க உணர்வின் வெளிப்பாடுகள் என்பது அவர்கள் கூற்று. இதனை நாம் முழுமையாக ஏற்பதற்கில்லை.

கம்பனியின் பங்குதாரரை எந்தத் தொழிலாளியும் கண்டதில்லை. கடனை எழுதியவன், நிரையைக் கொடுத்தவன், தலைக்காசைப் பெற்றவன், சில வேளைகளிற் கூலியையே கையேற்றுப் பங்கிட்டவன் கங்காணி. தோட்ட முறைமையின் சிறப்பியல்பு, சுரண்டல் என்பது உறவினன், ஊரவன், சாதித் தலைவன் என்ற முகங்களை அணிந்து வந்தமையாகும். அந்த முகத்தைப் பெயர் சொல்லிச் சுட்டுவது அறியாமை ஆகாது. முறைமை செயற்படும் இடத்தைத் துல்லியமாகக் காட்டுவதாகும். 1869இல் வெளிவந்த ஆபிரகாம் ஜோசப்பின் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’யை இவற்றின் அருகில் வைத்து நோக்கின் இது விளங்கும். அங்கும் தோட்ட வேலைகள் வருகின்றன. ஆனால் வேலையை ஏவுவோரின் நோக்கில், நன்றாக உழைக்கும்படி கூறும் புத்திமதியாக வருகின்றன. ஒரே தொழில், பார்வை தொடங்கும் இடம் வேறு. வர்க்க நோக்கு என்பது கோட்பாட்டுச் சொற்கள் வருவதைப் பொறுத்ததன்று. கணக்கு எந்தப் பக்கத்திலிருந்து எழுதப்படுகிறது என்பதைப் பொறுத்தது.

எனினும் இப்பாடல்களின் எல்லையையும் கூறவேண்டும். தனித்தனி முறைப்பாடுகளைக் கோரிக்கையாக மாற்றும் ஆற்றல் அவற்றுக்குத் தாமாக வரவில்லை. அதற்கு அமைப்புத் தேவைப்பட்டது. கோ. நடேசய்யர் 1931இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்த காலத்தில், அவர் துணைவியார் மீனாட்சியம்மாள் மக்கள் அறிந்த மெட்டுகளில் பாடல்கள் இயற்றிக் கூட்டங்களிற் பாடினார். முன்னைய பாடல் லயத்து வாசலிலும் மலைநிரையிலும் பிறந்தது. இது மேடையிற் பிறந்தது. முன்னையது தனக்குத்தானே சொல்லிக்கொள்வது. இது முன்னால் நிற்போரை விளித்துச் செயலுக்கு அழைப்பது. இரண்டுக்கும் இடையிலுள்ள தொடர்ச்சியும் மாற்றமும் விரிவாக ஆராயப்படவேண்டியவை.

தொகுப்பின் அரசியலையும் நாம் மறந்துவிடலாகாது. சி. வி. கங்காணிக் குடும்பத்தில் தோன்றியவர். தொழிலாளர் பக்கம் நின்று வாழ்ந்தவர். அவர் முன் எப்பாடல்கள் பாடப்பட்டன, எவை அடக்கிக்கொள்ளப்பட்டன என்ற வினா அவரைக் குறைத்து மதிப்பிடுவதாகாது. லயங்களிற் காம்பரா ஒதுக்குவதிலும் சாதி செல்வாக்குச் செலுத்திய சமூகத்தில், பாடுபவர் யார், கேட்பவர் யார் என்பது பாடலின் பகுதியேயாகும்.

5

தொகுப்புகளின் வகைப்பாடு பற்றியும் ஒன்று கூறவேண்டியுள்ளது. தாலாட்டு, காதல், தொழில், ஒப்பாரி எனப் பாடல்களைப் பிரிக்கும் வழக்கம் எங்கும் உண்டு. இப்பகுப்பு மலையகப் பெண்ணின் நாளைத் துண்டாடுகிறது. அவள் இருளில் எழுந்து தண்ணீர் எடுத்து, அடுப்பு மூட்டி, ரொட்டி தட்டி, குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, கறுப்புக் கம்பளியைத் தலையிலிட்டு, படங்கை இடுப்பிற் கட்டி, பெரட்டுக்கு ஓடுகிறாள். பிந்தினால் அன்று பேர் இல்லை. மாலையில் கொழுந்து நிறுத்து மீண்டபின் வீட்டு வேலை மீண்டும் தொடங்குகிறது. அவ்வேளையிற் பாடப்படும் தாலாட்டு ஓய்வின் பாடலன்று. நாளை விடியுமுன் விட்டுச் செல்லவேண்டிய குழந்தையை உறங்கவைப்பது அடுத்த நாளின் பேருக்கான முன்வேலை. எனவே தாலாட்டும் தொழிற்பாடலே.

அவ்வாறே ஒப்பாரியும், மலையில் உடன்பிறந்தானை இழந்தமை சொல்லும் பாடல்களும், காடழித்து மலையைத் தோட்டமாக்கிய வரலாற்றோடு இணைந்தவை. இழப்பைச் சொல்லும்போது பாடகி மலையைச் சுட்டுகிறாள். அம்மலையில் யார் உழைத்தனர், எப்பயிர் நடப்பட்டது என்பதையும் உடன் சொல்கிறாள். நிலத்துக்கு உறுதிப்பத்திரம் இல்லாத மக்கள் நிலத்தோடு தமக்குள்ள உரிமையைப் பதிந்து வைத்த இடம் ஒப்பாரி என்றால் அது மிகையாகாது. ஆண்களின் கலைகளான காமன் கூத்தும் அருச்சுனன் தபசும் ஆண்டில் ஒருமுறை பொதுவெளியில் நிகழ்ந்து ஆய்வாளரின் கவனத்தைப் பெற்றன. பெண்ணின் பாடலோ நாள்தோறும் காம்பராவின் உள்ளே நிகழ்ந்தமையால், மிகக் குறைவாகவே பதிவாகியது.

6

இனி, இந்நாளாந்த உழைப்பு புனைகதையில் எவ்வாறு இடம்பெற்றது என்று பார்ப்போம். புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ 1930களிலேயே இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைத் தமிழ்க் கதையுலகுக்குள் கொண்டுவந்தது. மருதியின் வீழ்ச்சியைச் சொல்லும் அக்கதையின் அறச்சினம் இன்றும் சுடுகிறது. ஆயின் அங்கே தோட்டம் ஒரு நரகமாகத் தோன்றுகிறது. வேலைத்தலமாக மிகச் சிறிதே தோன்றுகிறது. நரகத்தில் வதைபடுவோர் உண்டு. தொழில் தெரிந்தோர் இல்லை.

1960களிலும் 1970களிலும் வெளிவந்த ஈழத்து நாவல்கள் இவ்விடைவெளியைப் பெருமளவு நிரப்பின. கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’, நந்தியின் ‘மலைக்கொழுந்து’, தெளிவத்தை ஜோசப்பின் ‘காலங்கள் சாவதில்லை’, தி. ஞானசேகரனின் ‘குருதிமலை’ ஆகியவை ஒவ்வொரு வகையில் முக்கியமானவை. எனினும் பொதுவாக நோக்குமிடத்து, மோதல் நிகழ்ச்சிகளே கதையை நடத்திச் செல்ல, கவ்வாத்து வெட்டுதல், முள்ளுக் குத்துதல், கான் வெட்டுதல், கொழுந்து பறித்தல் ஆகியன பின்திரையாகவே நிற்கின்றன. பெருமோதல் இல்லாத நாட்களே தோட்ட வாழ்வில் மிகுதி. சுரண்டல் மிகுதியாக நிகழ்ந்ததும் அந்நாட்களிலேதான்.

இவ்வகையில் என். எஸ். எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ தனித்து நோக்கத்தக்கது. அங்கே பறித்தலும் நிறுத்தலுமே கதையின் நிகழ்ச்சியாகின்றன. உழைப்பின் திறமை பாத்திரத்தின் பண்பாகிறது. தொழிலாளியைப் பாதிக்கப்பட்டவராக மட்டும் காணாது, தன் தொழிலிற் பெருமிதம் கொண்டவராகக் காணும் நோக்கு, பாடல்களின் நோக்கோடு நெருங்கியதாகும். சி. வி.யின் ஆங்கில உரைச்சித்திரங்களான ‘உழைக்கப் பிறந்தவர்கள்’ இதே திசையில் அமைந்தன.

7

இப்பிரச்சினை மலையகத்துக்கு மட்டும் உரியதன்று. ஐக்கிய அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதி ஓர் ஒப்புமையைத் தருகிறது. 1916 முதல் 1918 வரை ஆங்கில இசைச் சேகரிப்பாளர் செசில் ஷார்ப், மோட் கார்ப்பிலிசுடன் அம்மலைகளில் நடந்து நூற்றுக்கணக்கான பாடல்களைப் பதிந்தார். அவர் தேடியவை இங்கிலாந்திலிருந்து வந்து அங்கு எஞ்சிய பழங்கதைப் பாடல்கள். அதே ஆண்டுகளில் அதே மலைகளை நிலக்கரிக் கம்பனிகள் குடைந்துகொண்டிருந்தன. தொழிலாளர் கம்பனி வீடுகளில் வாழ்ந்து, கம்பனி வெளியிட்ட வில்லைகளைக் கூலியாகப் பெற்று, கம்பனிக் கடையிலேயே மாவும் பன்றிக்கொழுப்பும் வாங்கினர். அவ்வாழ்வு அவருடைய தொகுப்பில் இடம்பெறவில்லை. மலை மக்கள் காலத்துக்கு வெளியே வாழும் எளியோர் என்ற படிமம் இவ்வாறே உறுதிபெற்றது. இங்கு துண்டு முறை ஒழிந்த 1921இலேயே, மேற்கு வேர்ஜீனியாவின் பிளெயார் மலையில் ஆயிரக்கணக்கான சுரங்கத் தொழிலாளர் ஆயுதந்தாங்கிப் போராடினர். 1931இல் கென்டக்கி மாநிலத்தில் மருத்துவிச்சி ஆன்ட் மொலி ஜாக்சனும், தொழிலாளியின் மனைவி புளோரன்ஸ் றீசும் பழைய மெட்டுகளிற் போராட்டப் பாடல்கள் புனைந்தனர். மீனாட்சியம்மாள் மேடையேறிய அதே காலம் அது.

இவ்வொப்புமையை மிகைப்படுத்தலாகாது. அம்மக்கள் தம் நாட்டின் குடிகள்; மலையகத்தாரோ குடியேற்ற ஆட்சியாற் கொணரப்பட்டு, 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்களாற் குடியுரிமையும் வாக்குரிமையும் இழந்து, 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் எண்ணிக்கையாகப் பங்கிடப்பட்டோர். ஆயினும் சேகரிப்பு முறை பற்றிய படிப்பினை ஒன்றே. பாடலிலிருந்து கூலியை நீக்கிவிட்டால் எஞ்சுவது மலையின் அழகு. பாடியோர் அவ்வழகின் அணிகலன்களாகிவிடுவர்.

8

பெண்ணுக்கும் ஆணுக்கும் தோட்டக் கூலி சமமாக்கப்பட்டது 1984இலேதான். நாட்கூலி ஆயிரம் ரூபாவாக 2021இல் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டபோது, அக்கூலிக்கு நாளொன்றுக்கு எத்தனை கிலோ பறிக்கவேண்டும் என்ற பிணக்கு உடனே எழுந்தது. அரைப்பேரின் தர்க்கம் றாத்தலைக் கைவிட்டுக் கிலோவை ஏற்றுக்கொண்டதேயன்றி மறைந்துவிடவில்லை. 2023இல் மலையகத்தின் இருநூறு ஆண்டுகளை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபயணம் சென்றோர், மூதாதையர் நடந்த வழியைத் தம் கால்களால் மீள வாசித்தனர். இலக்கிய ஆய்வாளருக்கும் அத்தகைய மீள்வாசிப்புக் கடமை உண்டு.

அதன் முதற்படிகள் தெளிவானவை. பாடல்களை மீண்டும் பதியும்போது பாடியவரின் வேலை, வயது, தோட்டம், பாடிய வேளை ஆகியன பதியப்படல் வேண்டும். தொழிற்சொற்களுக்குத் தனி அகராதி தொகுக்கப்படல் வேண்டும். பேர், நிரை, துண்டு, தலைக்காசு ஆகியவற்றின் பொருள் அறியாதவர் பாடலின் ஓசையை மட்டுமே கேட்பர். தாலாட்டும் ஒப்பாரியும் உழைப்பின் வரலாற்றோடு சேர்த்து ஆராயப்படல் வேண்டும். கொழும்பில் அச்சேறிய மலையக நாவல்களைக் கொழும்பு வாசகர் பாராட்டினர். மலையிலிருந்து இறங்கும் தேயிலைக்கு இந்நகரில் ஏலமும் தரநிர்ணயமும் உண்டு. சுவைத்துப் பிரிப்போர் உண்டு. பாடலைச் சுவைப்பதோடு நமது பணி முடிந்துவிடுமாயின், நாமும் அத்தகைய சுவைஞராகவே எஞ்சுவோம். பாடியவளின் பேர் முழுமையாக எழுதப்படும் வரை அக்கணக்கு தீர்ந்ததாகாது.